காலிக் கட்டத்தில் என்ன எழுதுவது?

புள்ளியியல் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: "டேட்டாவில் சில கட்டங்கள் காலியாக இருக்கின்றன, என்ன செய்வது?" பரீட்சைக்கு வரும் நிகழ்தகவுக் கணக்குகளைக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அவை அடுத்த இதழில். இந்த முறை முழுக்க மிஸ்ஸிங் வேல்யூதான்.

கேள்வி: சேலத்தில் சமூக மருத்துவம் எம்.டி. படிக்கிறேன். தீசிஸுக்காக ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 240 சர்க்கரை நோயாளிகளின் விவரங்களை எடுத்தேன். 52 பேருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு இல்லை. "மற்றவர்களின் சராசரியைப் போட்டு நிரப்பிவிடு" என்கிறார் கைடு. செய்யலாமா?

வேண்டாம், டாக்டர். ஏன் என்பதற்குச் சின்னதாக ஒரு கணக்கு போடுவோம். பத்து நோயாளிகள். அதில் ஐந்து பேருக்குத்தான் அளவு இருக்கிறது: 100, 120, 140, 160, 180. சராசரி 140. திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 31.6. மீதி ஐந்து கட்டத்திலும் 140 போட்டுவிடுங்கள். சராசரி அசையவே இல்லை, அதனால்தான் இந்த வழி எல்லோருக்கும் சாதுவாகத் தெரிகிறது. ஆனால் திட்ட விலக்கம் 21.1 ஆகச் சுருங்கிவிட்டது. சராசரியின் திட்டப் பிழை, அதாவது அந்தச் சராசரி எவ்வளவு தவறலாம் என்பதன் அளவு, 14.1இல் இருந்து 6.7க்கு இறங்கிவிட்டது. புதிதாக யாரிடமும் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை, துல்லியம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது! அதோடு முடியவில்லை. எடைக்கும் சர்க்கரைக்கும் உள்ள உடன்தொடர்பைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், இந்த 52 பேரும் 45 கிலோ இருந்தாலும் 95 கிலோ இருந்தாலும் ஒரே சர்க்கரை அளவோடு நிற்பார்கள். உண்மையில் இருக்கும் தொடர்பும் நீர்த்துப் போகும்.

நிரப்புவதா விடுவதா என்பது அடுத்த கேள்வி. அந்தக் கட்டம் ஏன் காலி என்பதே முதல் கேள்வி. நான் ஆலோசனைக்கு உட்கார்ந்த காலத்தில், லேப்டாப்போடு வரும் மாணவர்களிடம் அதை மூடச் சொல்லிவிட்டு ஒரிஜினல் ரிஜிஸ்டரைத்தான் கேட்பேன். எக்ஸெலில் எல்லாக் காலிக் கட்டமும் ஒரே வெள்ளைதான். ரிஜிஸ்டரில் அப்படி இல்லை. ஓரத்தில் நர்ஸ் பென்சிலில் எழுதியிருப்பார்: "ரீஏஜென்ட் இல்லை." "சாப்பிட்டு வந்துவிட்டார்." "வரவில்லை."

இந்த மூன்றும் மூன்று வேறு நோய்கள் மாதிரி, டாக்டர், மருந்தும் வேறு. ரீஏஜென்ட் தீர்ந்துபோன வாரத்தில் வந்தவர்களுக்கு அளவு இல்லை என்றால், அவர்கள் சர்க்கரைக்கும் அந்தக் காலிக் கட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும் முடிவு ஒரு பக்கமாகச் சாயாது, ஆட்கள்தான் குறைவார்கள். அடுத்தது, "சாப்பிட்டு வந்துவிட்டார்." பார்த்தால் பெரும்பாலும் கட்டட வேலைக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்களாக இருப்பார்கள். விடியற்காலையில் வேலை, வெறும் வயிற்றோடு பத்து மணிவரை வரிசையில் நிற்க முடியாது. இங்கே காலிக்குக் காரணம் தொழில். அந்தத் தொழில் உங்கள் படிவத்தில் பதிவாகியிருக்கிறது. அதாவது காரணம் உங்கள் கையில் இருக்கிறது, அதை வைத்து நியாயமாக ஈடுகட்டலாம். மூன்றாவது, "வரவில்லை." மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை, அளவு ஏறியிருக்கும், டாக்டர் திட்டுவார் என்றுதான் வரவில்லை என்றால், காலியாக இருப்பதற்குக் காரணமே அந்தத் தெரியாத எண்தான். இது முள். எந்த மென்பொருளும் இதைத் தானாக எடுத்துவிடாது.

டொனால்ட் ரூபின் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1976இல் பயோமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தப் பிரிவினைக்கு அடித்தளம். எம்கார் (MCAR), மார் (MAR), எம்நார் (MNAR) என்று உங்கள் ஊர் வைவாவில் கேட்பார்களே, அந்த மூன்றும் இதே வரிசையில் இவைதான். ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டாவதா மூன்றாவதா என்பதைக் கையில் இருக்கும் டேட்டாவை மட்டும் வைத்து எந்த டெஸ்ட்டாலும் முடிவாகச் சொல்ல முடியாது. லிட்டில் டெஸ்ட் (முதல் வகைதானா என்று பார்க்கும் சோதனை) போட்டேன், பி-மதிப்பு 0.05க்கு மேல், ஆகவே எல்லாம் சரி என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அந்த டெஸ்ட் அதைச் சொல்வதே இல்லை.

உங்களுக்கு இப்போது வேலை இதுதான். அளவு உள்ள 188 பேரையும் இல்லாத 52 பேரையும் வயது, பால், தொழில், ஊர் தூரம், வந்த தேதி எல்லாவற்றிலும் அருகருகே வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். எந்தக் காரணம் எத்தனை பேருக்கு என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். கைடிடம் 31.6, 21.1 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். எதிர்த்துப் பேசியதாகவும் இருக்காது.

கேள்வி: 5 சதவீதத்துக்குக் குறைவாக விடுபட்டிருந்தால் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்று பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். சரிதானே? (கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி)

சரியில்லை. 20 கேள்விகள் உள்ள படிவத்தில் ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் தனித்தனியாக விடுபட்டால், முழுதாக நிரம்பிய படிவம் நூற்றுக்கு 36தான் தேறும். 10 கேள்வி என்றாலே 60. மென்பொருளோ ஒரு கட்டம் காலி என்றாலும் அந்த ஆளையே சத்தமில்லாமல் கழித்துவிட்டு ரெக்ரெஷன் (ஒரு மாறி மற்றவற்றோடு எப்படி மாறுகிறது என்ற கணக்கு) ஓட்டும். வெளிவரும் அட்டவணையில் ஆட்களின் எண்ணிக்கை எங்கோ ஒரு மூலையில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அப்புறம், மருந்து ஒத்துக்கொள்ளாமல் பாதியில் நின்றவர்கள் எல்லோரும் அந்த 5 சதவீதத்துக்குள்தான் இருக்கிறார்கள் என்றால்?

கேள்வி: வேளாண் கல்லூரியில் முதுநிலை படிக்கிறேன். 4 நெல் ரகங்களை 3 பிளாக்கில் ஆர்பிடி முறையில் (ஒவ்வொரு பிளாக்கிலும் எல்லா ரகங்களும் தற்செயல் வரிசையில்) நட்டேன். அறுவடைக்கு முன்பு மாடு புகுந்து ஒரு பாத்தியை மேய்ந்துவிட்டது. ஒரு எண் இல்லாமல் அனோவா (ரகங்களுக்கு இடையே வேறுபாடு உண்டா என்று பார்க்கும் கணக்கு) போட முடியுமா? (தஞ்சாவூர் மாவட்டம்)

தம்பி, உங்களுக்கு முன்னால் பலருடைய வயலில் மாடு புகுந்திருக்கிறது. 1930இலேயே ஆலன், விஷார்ட் இருவரும் இதற்கு வழி சொன்னார்கள். 1933இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் இருந்த ஃபிராங்க் யேட்ஸ் அதை இன்னும் விரித்து எழுதினார். இன்றும் வேளாண் மாணவர்கள் படிக்கும் 'மிஸ்ஸிங் பிளாட்' சூத்திரம் இவர்களிடமிருந்து வந்ததுதான்.

நீங்கள் எண்களை அனுப்பவில்லை, நானே வைத்துக்கொள்கிறேன். பாத்திக்கு எத்தனை கிலோ என்று, பிளாக் வரிசையில்:

முதல் ரகம்: 20, 22, 21
இரண்டாம் ரகம்: 24, 26, 25
மூன்றாம் ரகம்: 18, (மாடு), 19
நான்காம் ரகம்: 22, 23, 24

சூத்திரம் இப்படி: ரகங்களின் எண்ணிக்கையை அந்த ரகத்தின் மீதிக் கூட்டுத்தொகையால் பெருக்கு, பிளாக்குகளின் எண்ணிக்கையை அந்த பிளாக்கின் மீதிக் கூட்டுத்தொகையால் பெருக்கு, இரண்டையும் கூட்டி மொத்தக் கூட்டுத்தொகையைக் கழி, ரகத்தில் ஒன்று குறைத்து, பிளாக்கில் ஒன்று குறைத்து, இரண்டையும் பெருக்கி அதால் வகு. 4 × 37 = 148. 3 × 71 = 213. மொத்தம் 244. 148 + 213 − 244 = 117. அதை 3 × 2 = 6ஆல் வகுத்தால் 19.5.

இது மந்திரம் இல்லை. முதல் பிளாக்கில் மற்ற மூன்று ரகங்களின் சராசரி 22, உங்கள் ரகம் 18, அதாவது 4 கிலோ குறைவு. மூன்றாம் பிளாக்கில் சராசரி 23.33, உங்களுடையது 19, குறைவு 4.33. இரண்டையும் சராசரி பார்த்தால் 4.17. மாடு மேய்ந்த பிளாக்கில் மற்ற மூன்றின் சராசரி 23.67. அதில் 4.17 போனால் 19.5. சூத்திரம் சொன்னதும் இதே எண்தான்.

ஆனால் 19.5ஐப் போட்ட பிறகு அது விளைந்த நெல் என்று நினைத்துவிடக் கூடாது. பிழைக்கான கட்டின்மை எண் (பிழையை மதிப்பிட உண்மையில் எத்தனை தகவல் கையில் இருக்கிறது என்பது) 6இல் இருந்து 5 ஆகக் குறைய வேண்டும், மொத்தம் 11இல் இருந்து 10. இதை மறந்து சமர்ப்பிக்கப்பட்ட தீசிஸ்களை நூலகத்தில் தாராளமாகப் பார்க்கலாம். ரகங்களுக்கான வர்க்கத் தொகையும் கொஞ்சம் உப்பலாகவே வரும், அதற்கும் ஒரு திருத்தம் உண்டு, உங்கள் பாடநூலில் அடுத்த பக்கத்திலேயே இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாடு வரப்போரம் இருந்த பாத்தியை மேய்ந்ததா, அல்லது அந்த ரகம் முன்னமே சாய்ந்து கிடந்ததால் அதில் வாய் வைத்ததா? வரப்போரம் என்றால் மேலே சொன்னபடி செய்யலாம். குலை நோயில் பாத்தியே கருகிப் போயிருந்தால் அது விடுபட்ட எண்ணே இல்லை. விளைச்சல் பூஜ்யம், அந்தப் பூஜ்யத்தை எழுதியே ஆக வேண்டும்.

கேள்வி: ஐ.டி. நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட். எங்கள் டீமில் காலியை எல்லாம் பூஜ்யமாக மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம். எளிதாக இருக்கிறது. (சென்னை)

எளிதாகத்தான் இருக்கும். எக்ஸெலில் சராசரி கேட்டால் காலிக் கட்டத்தை விட்டுவிட்டு வகுக்கும், பூஜ்யத்தைச் சேர்த்து வகுக்கும். வாடிக்கையாளர் இந்த மாதம் ஒன்றுமே வாங்கவில்லை என்பது பூஜ்யம். கடையிலிருந்து பில் விவரம் வரவில்லை என்பது காலி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், கடை நெட்வொர்க் போன நாளில் ஊரே பட்டினி கிடந்ததாக உங்கள் ரிப்போர்ட் சொல்லும்.

இதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்றும் உண்டு. காலி என்பதைக் காட்ட ஒரு பெரிய எண்ணைப் போட்டு வைத்திருப்பார்கள். பல நாடுகளில் நடக்கும் டி.எச்.எஸ். சுகாதாரக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், நம் தேசியக் குடும்ப நல ஆய்வும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் கோப்புகளில் உயரத்துக்கான பத்தியில் 9994 என்றால் அளக்கும்போது ஆள் வீட்டில் இல்லை, 9995 என்றால் அளக்க மறுத்துவிட்டார்கள், 9996 என்றால் வேறு காரணம். அந்தப் பத்தி ஒரு தசம இடம் உள்ளதால் பத்தால் வகுத்துத்தான் சென்டிமீட்டர் ஆக்குவார்கள். குறிப்பேட்டைப் படிக்காதவர் கையில் அது 999.4 சென்டிமீட்டர், பத்து மீட்டர் உயரக் குழந்தை! ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே ஐம்பது அறுபது பேர் இப்படி வந்தால் வரைபடத்தில் உடனே தெரிந்துவிடும், சராசரியை மட்டும் பார்த்தால் தெரியாது. ஆகவே எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ஒவ்வொரு பத்தியிலும் மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண் இரண்டையும் பாருங்கள்.

ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் என்ஏ (காலி என்பதற்கான குறி) இருக்கும் பத்தியில் சராசரி கேட்டால் அதுவும் என்ஏ என்றே பதில் சொல்லும். பலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும், யோசிக்காமல் மேலே போக விடாது.

கேள்வி: போர் விமானத்தின் மேல் சிவப்புப் புள்ளிகள் வைத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "குண்டு படாத இடத்தைப் பலப்படுத்து" என்றாராம் ஒரு கணித மேதை. உண்மையா, கதையா? (கோவை)

பாதி உண்மை. திரும்பி வந்த விமானங்களில் குண்டு பட்ட இடங்கள்தான் அந்தச் சிவப்புப் புள்ளிகள், புள்ளி இல்லாத இடத்தில் பட்டவை திரும்பவே இல்லை என்பது கருத்து. அந்தப் படம் பிற்காலத்தில் யாரோ விளக்கத்துக்காக வரைந்தது. ஆள் உண்மை, வேலையும் உண்மை. ஆபிரகாம் வால்ட், 1902இல் பிறந்தவர், பிறந்த ஊர் இன்றைய ருமேனியாவில் இருக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் ஆய்வுக் குழுவில் வேலை பார்த்தார். அவர் எழுதி வைத்த குறிப்புகள் 1980இல் மறுபடி அச்சாயின.

படத்தைவிட அந்தக் குறிப்புகள் சுவாரஸ்யமானவை. அவர் எடுத்துக்கொண்ட மாதிரிக் கணக்கில் 400 விமானங்கள் தாக்கப் போகின்றன. 380 திரும்புகின்றன. அவற்றில் 320இல் ஒரு குண்டடியும் இல்லை, 32இல் ஓர் அடி, 20இல் இரண்டு, 4இல் மூன்று, 2இல் நான்கு, 2இல் ஐந்து. திரும்பாத 20 விமானங்களில் எத்தனை அடி, எங்கே பட்டது என்ற கட்டங்கள் முழுக்கக் காலி. வால்ட் அந்தக் கட்டங்களைச் சராசரியால் நிரப்பவில்லை. அடிபடாத விமானம் எப்படியும் திரும்பிவிடும் என்று ஓர் அனுமானத்தை வெளிப்படையாக வைத்துக்கொண்டார். அப்படியானால் விழுந்த 20உம் அடிபட்டவை. அதிலிருந்து ஒரு விமானம் ஓர் அடியைத் தாங்கும் வாய்ப்பு எவ்வளவு, எந்தப் பாகத்தில் பட்டால் எவ்வளவு என்று படிப்படியாகக் கணக்கிட்டார். மேலே டாக்டருக்குச் சொன்ன மூன்றாவது வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எண் காலியாக இருப்பதற்குக் காரணம் அந்த எண்ணேதான்.

கோவைக்காரர் கேட்டதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950இல் இந்தியாவில் சொற்பொழிவுகள் ஆற்ற வந்திருந்த வால்ட், டிசம்பர் 13 அன்று மனைவியோடு போன ஏர் இந்தியா விமானம் நீலகிரி மலையில் மோதி, அவரோடு சேர்ந்து இறந்துபோனார். புள்ளியியல் வகுப்புகளில் இதையும் சொல்லலாம், நம்மூரில் பலருக்குத் தெரியாது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் புவியியல் கற்பிக்கிறேன். மாவட்ட சனத்தொகை வரைபடம் வரையும்போது மாணவர்கள் 1981க்கும் 2012க்கும் இடையில் ஒரு நேர்கோடு இழுத்துவிடுகிறார்கள். புள்ளிகள் கெடுக்கவா?

ஆசிரியரே, கோட்டை அழிக்கச் சொல்லுங்கள், புள்ளிகளைக் குறைக்க வேண்டாம். 1991இல் இலங்கையில் தொகைமதிப்பே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் உட்பட வடக்கு, கிழக்கின் மற்ற மாவட்டங்கள் முழுமையாக எண்ணப்படவில்லை. 1981க்குப் பிறகு நாடு முழுவதும் எண்ணியது 2012இல்தான். இரண்டுக்கும் நடுவே போர், இடப்பெயர்வு, வெளிநாடு போனவர்கள். சனத்தொகை ஒரே சீராக இறங்கவில்லை. ஏறி, விழுந்து, மறுபடி ஏறியது. நேர்கோடு அவ்வளவையும் மூடிவிடும். அதோடு கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண எண்ணில் அது சேர்ந்திருக்கிறதா, பிரித்த பின் திருத்திய எண்ணா என்று அட்டவணையின் அடிக்குறிப்பைப் பார்க்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டு, "எண்ணப்படவில்லை" என்று அந்த இடத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இந்தியாவிலும் இது உண்டு. 1981இல் அஸ்ஸாமிலும் 1991இல் ஜம்மு காஷ்மீரிலும் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அட்டவணையில் இருக்கும் எண்கள் கணித்துப் போட்டவை. 2021 கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவே இல்லை, இப்போது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். இடையில் தலைக்கு இவ்வளவு என்று சொல்லப்படும் எந்த எண்ணுக்கும் கீழே ஒரு கணிப்பு உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: பிஎச்.டி. ஆய்வில் மல்ட்டிபிள் இம்ப்யூட்டேஷன் (காலிக் கட்டங்களைப் பல முறை நிரப்பிப் பல பிரதிகள் எடுப்பது) செய்தேன். "இல்லாத டேட்டாவை நீயே உருவாக்குகிறாய்" என்கிறார் நெறியாளர். அவருக்கு என்ன பதில் சொல்வது? எத்தனை முறை நிரப்ப வேண்டும்? நிரப்பும்போது விளைவு மாறியையும் (ஆய்வில் விளக்க விரும்பும் முடிவு) சேர்க்க வேண்டுமா? (மதுரை)

ஒரே ஒரு முறை நிரப்பிவிட்டு அதுதான் உண்மை என்று நடந்துகொண்டால் அவர் சொல்வது சரி. பல முறை நிரப்புவதே, "எனக்கு இது தெரியாது, எவ்வளவு தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்" என்பதற்காகத்தான். வயது, தொழில், எடை எல்லாவற்றையும் வைத்து ஓர் எண்ணைக் கணித்து, அதன் மேல் தற்செயல் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு பிரதியும் உருவாகிறது. ஆகவே பிரதிக்குப் பிரதி எண் மாறும். அந்த மாற்றம்தான் நமக்கு வேண்டும்.

நெறியாளரிடம் இதைக் காட்டுங்கள். ஐந்து பிரதிகளில் ரெக்ரெஷன் கெழு 1.8, 2.1, 2.0, 2.4, 1.7 என்று வருகிறது. சராசரி 2.0. ஒவ்வொன்றிலும் திட்டப் பிழை 0.5, வர்க்கம் 0.25. பிரதிகளுக்கு இடையே உள்ள மாறுபாடு 0.075. ரூபின் விதிப்படி அதை 1.2ஆல் பெருக்கி (ஒன்றோடு ஐந்தில் ஒரு பங்கு) 0.25உடன் கூட்டினால் 0.34. வர்க்கமூலம் 0.58. திட்டப் பிழை 0.5இல் இருந்து 0.58 ஆகக் கூடியிருக்கிறது. டேட்டாவை உருவாக்கி ஏமாற்றுகிறவன் தன் பிழையைக் கூட்டிக் காட்டமாட்டான்.

எத்தனை முறை? ஆர் மொழியில் ஸ்டெஃப் வான் பியூரன் குழுவினர் எழுதிய மைஸ் தொகுப்பு, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 5 பிரதி போடும். அந்தக் காலத்துக் கணினிக்கு அது சரி. இப்போது நூற்றுக்கு எத்தனை பேர் முழுமையில்லாமல் இருக்கிறார்களோ அத்தனை பிரதி என்பது கைக்கணக்கு. 30 சதவீதம் என்றால் 30. விளைவு மாறியைக் கண்டிப்பாகச் சேருங்கள். சேர்க்கவில்லை என்றால், நீங்கள் நிரப்பும் எண்ணுக்கும் விளைவுக்கும் தொடர்பே இல்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம் தொடர்பைத் தேடுவதாக ஆகும். மூன்றாவது வகைச் சந்தேகம் இருந்தால், நிரப்பிய எண்களை எல்லாம் வேண்டுமென்றே 10, 20 என்று ஏற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். முடிவு எவ்வளவு ஏற்றத்தில் கவிழ்கிறது என்பதைத் தீசிஸில் ஒரு பத்தியாக எழுதுங்கள்.

கேள்வி: தொண்டு நிறுவனத்தில் சர்வே மேற்பார்வையாளர். மீனவக் கிராமங்களில் "மாத வருமானம்" கேள்விக்கு மட்டும் பாதிப் பேர் பதில் சொல்வதில்லை. கணினியில் சரிசெய்ய முடியுமா? (ராமநாதபுரம்)

படிவத்திலேயே சரிசெய்யுங்கள். கடலுக்குப் போகிறவரிடம் மாத வருமானம் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? தடைக்காலத்தில் ஒன்றும் இல்லை, பாடு நன்றாக விழுந்த வாரத்தில் ஒரு தொகை, அதில் படகுக்காரர் பங்கு, டீசல், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம். அவர் மறைக்கவில்லை, உங்கள் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. தேசிய மாதிரி ஆய்வுக்காரர்கள் வீட்டின் வசதியை அளக்க வருமானத்தைவிடச் செலவைத்தான் நம்புகிறார்கள்: அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, பள்ளிக் கட்டணம் எவ்வளவு. நீங்களும் கடைசியாகக் கடலுக்குப் போனபோது கைக்கு வந்த பங்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் எழுதிக்கொண்டு வரும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். பகலில் பூட்டியிருப்பது கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு. பக்கத்து வீடு அதற்குப் பதில் ஆகாது, மறுபடி அலைந்துதான் ஆக வேண்டும். 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியபோது, மருந்தை வீட்டில் வைத்துச் சாப்பிட்டாலே போதுமா, சானடோரியத்தில் சேர்க்க வேண்டுமா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், நோயாளிகளை ஐந்து வருஷம் தொடர்ந்தார்கள். அந்த முடிவை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு அந்த அலைச்சலும் ஒரு காரணம்.

அடுத்த சுற்றுக்குப் படிவம் அச்சடிக்கும்போது வருமானக் கேள்விக்குக் கீழே நாலு சின்னக் கட்டம் போடுங்கள்: தெரியாது, சொல்ல விருப்பமில்லை, ஆள் இல்லை, கேட்க மறந்தேன். நாலாவதை டிக் செய்தால் திட்டமாட்டேன் என்று களப்பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள், இல்லையென்றால் எல்லோரும் முதல் கட்டத்திலேயே டிக் போட்டுவிடுவார்கள்.